கொட்டாஞ்சேனைக் கோபுரமும் ஆமையின் ஆறுதலும்

ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில்தான் என் கொழும்புப் பயணம் தொடங்கியது. திருச்சிக்கு வெளியே அகதி முகாமில் ரெஜினா என்று ஒருத்தி தையல் மெஷின் வைத்திருந்தாள். மன்னார்க்காரி. மகளைத் தூக்கிக்கொண்டு படகேறி வந்து நான்கு வருடமாகியிருந்தது. கணவர் அருளப்பு வரவில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒரு பழைய மாதா கோயிலில் மணியடிக்கிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அவர் இரண்டு கடிதம் போட்டிருந்தார். இவள் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டால் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாகிவிடுவாள்.

நான் தமிழாசிரியை. வெள்ளவத்தையில் ஒரு கல்வி நிலையம் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைத்து, நடுவராக என்னை அழைத்திருந்தது. போர் நடக்கிற ஊருக்கு ஏன் போகிறாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். தமிழுக்கு மார்க் போடத்தான் என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். ரெஜினாவிடம் சொன்னபோது அவள் மெஷினை நிறுத்தினாள். கடிதம் ஏதும் தருகிறாயா என்று கேட்டேன். வழியெல்லாம் பிரித்துப் படிப்பார்கள், வேண்டாம் என்றாள். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரைக் கண்டா, ஆறுதலா வரச்சொல்லுங்கோ ரீச்சர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லின் நயம் சொல்லிக்கொடுப்பவள் நான். நான்கு வருடம் பேசாமலிருந்த பெண் ஆறுதலாக வரச் சொல்கிறாளே, எத்தனை தவிப்பு அந்த ஒரு சொல்லில் என்று பஸ்ஸில் வீடு திரும்பும் வரை நினைத்து நினைத்து உருகினேன்.

கொழும்பு எனக்கு ஒரு பகல் தூக்கமாகத்தான் நினைவிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வந்த வேன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றது. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு துப்பாக்கி வரும், பிறகு ஒரு முகம் வரும், பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பார்த்துவிட்டுப் போகும். இடையிடையே தென்னைகள், வெள்ளைச் சீருடையில் சைக்கிள் மிதிக்கும் பெண்கள், உப்புக் காற்று. பயப்பட வேண்டும் என்று நினைத்து நினைத்தே கண்ணயர்ந்துவிட்டேன்.

போட்டியை நடத்தும் யோகம் அக்காவின் பிளாட்டில் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனி ஆள். மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் உடனே கடல். வேறெதுவும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப் பாலில் மஞ்சள் போட்ட அந்தச் சொதியை நான் ரசம் மாதிரி டம்ளரில் ஊற்றிக் குடித்ததைப் பார்த்து, அவர் இன்னொரு டம்ளர் ஊற்றினார். எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றார். எங்கள் ஊரில் ஓம் என்றால் அடுத்து மந்திரம் வரும். இங்கே தேங்காய்ச் சம்பல் வந்தது.

மறுநாள் போட்டி. முப்பது பிள்ளைகள். தமிழ் அவர்கள் வாயில் வெல்லக்கட்டி மாதிரி உருண்டது. ஆனால் சிவப்புப் பேனா கையில் இருந்தால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. பத்து வயதுப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னல், ஆமையும் முயலும் ஓடிய கதையைச் சொன்னாள். "ஆமை ஆறுதலாக நடந்தது" என்றாள். ஒரு முறையல்ல, மூன்று முறை. முயல் தோற்ற பிறகு ஆறுதல் என்றாலாவது பொருந்தும், ஜெயித்த ஆமைக்கு எதற்கு ஆறுதல்? தாளில் சொற்பிழை என்று எழுதி, பிழைக்கு ஒன்றாக மூன்று மார்க் கழித்தேன். அவள் முதலிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு இறங்கினாள். முடிவை என் பயணத்தின் கடைசி நாள் காலையில் அறிவிப்பதாக ஏற்பாடு. யோகம் அக்கா தாள்களைப் பார்க்காமலேயே உறையில் போட்டு ஒட்டினார்.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனைக்குக் கிளம்பினேன். ரயிலில் கோட்டை நிலையம் வரை போய் அங்கிருந்து ஓட்டோ பிடிக்கச் சொன்னார் யோகம் அக்கா. கடல் இடப்பக்கம் இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ என்று இரண்டு முறை சொன்னார். வெள்ளவத்தை நிலையத்தில் ரயில் வந்ததும் ஏறிவிட்டேன். கடல் அத்தனை கிட்டத்தில் இருந்தது. அலை எழும்பினால் ஜன்னலுக்குள் தெறிக்கும் போலிருந்தது. படிக்கட்டில் தொங்கியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தபடியே வந்தார்கள். நானும் அப்படியே மயங்கி உட்கார்ந்திருந்தேன். கடல் காணாமல் போன பிறகுதான், இதுவரை அது வலப்பக்கம் இருந்தது என்பது உறைத்தது.

இறங்கியபோது பலகையில் இரத்மலானை என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அவர் மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். "எங்கே போக நினைத்தாலும் முதலில் எதையாவது சாப்பிடச் சொல்கிறார் அம்மா." பையிலிருந்து நீளமான பன் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். மேலே சர்க்கரை தூவி, முதலை மாதிரி வளைந்திருந்தது. பெயரும் கிம்புலா பணிஸ், முதலை பன்தானாம். எதிர்த் திசை ரயிலில் முதலையின் வாலைக் கடித்துக்கொண்டு கடலை இடப்பக்கம் வைத்து ஒழுங்காகக் கோட்டை போய்ச் சேர்ந்தேன்.

கொட்டாஞ்சேனையில் இரண்டு தெருவுக்கு ஒரு கோயில். சைவக் கோயிலும் கோயில்தான், மாதா கோயிலும் கோயில்தான். எந்தக் கோயில் என்று ஓட்டோக்காரர் கேட்க, மணியடிக்கிற கோயில் என்றேன். எல்லாக் கோயிலிலும் மணி அடிக்கிறார்களே அம்மா என்றார். நியாயம்தான். கடைசியில் சுண்ணாம்புச் சாந்து வாசம் வீசும் ஒரு சந்தின் முனையில், வெயிலில் மிதப்பது போல அது தெரிந்தது.

அப்படியொரு கட்டடத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தருகே நிற்கும் மாதா கோயில் ஊசியாக, நிமிர்ந்து, கண்டிப்பான தலைமையாசிரியை போல இருக்கும். இது வேறு. முகப்பு முழுக்கச் சுருள் சுருளாகச் சங்குகள், கொடிகள், பூச்சரங்கள். நேர்க்கோடு என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. உள்ளே பீடத்தருகே தூண்கள் பிழிந்த துணியைப் போல முறுக்கிக்கொண்டு மேலே போயின. அவற்றின் உச்சியில் கன்னம் புடைத்த சுண்ணச்சாந்துக் குழந்தைகள் சிறகோடு உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு மூக்கு இல்லை. மாதாவுக்குப் பின்னால் தங்கப்பூச்சுக் கதிர்கள், உயர்ந்த ஜன்னலிலிருந்து விழுந்த நிஜ வெயிலோடு கலந்து, எது பூச்சு எது வெயில் என்று தெரியாமல் பளபளத்தன. பரோக் பாணி என்றார் அங்கிருந்த பாதிரியார். போர்த்துக்கேயர் போட்ட அடித்தளம் என்று ஒரு கதை, கோவாவிலிருந்து வந்த கொத்தர்கள் என்று இன்னொரு கதை, தனக்கு இரண்டும் பிடிக்கும் என்றார். நல்ல மனிதர்.

அருளப்பு மெழுகுவர்த்தித் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான தேகம், சாரம், வெள்ளைச் சட்டை. ரெஜினாவிடமிருந்து வருகிறேன் என்றதும் கத்தியைக் கீழே வைத்தார். நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ரெஜினா சொன்னது நாலு சொல். எனக்கு நாலு சொல் போதாது.

"உங்க மனைவி ரொம்ப மனசு உடைஞ்சிருக்காங்க. அவங்க ஆறுதலுக்கு நீங்க உடனே வரணுமாம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "உடனேயோ?" என்று கேட்டு, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தூண் உச்சியில் மூக்கில்லாத குழந்தையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மறுமொழி சொல்ல ஒரு நாள் வேண்டும், நாளைக்கு வாருங்கள், மணிக்கோபுரத்தையும் காட்டுகிறேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெண்டாட்டி ஆறுதலுக்கு ஏங்குகிறாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெளியே வந்து ஒரு கடையில் பிளேன்டீ குடித்தேன். பால் இல்லாத தேநீர் அன்றைக்கு என் மனநிலைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் கடல் இடப்பக்கம் இருந்தது.

துறைமுகம் பக்கம் என்பதால் கோபுரத்தில் வெளியாட்கள் ஏறத் தடை. பாதிரியார் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கோயில் வாசலில் நின்ற சிப்பாய்க்கு என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட், கேமரா, குடை மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டான். குடை எதற்கு என்று கேட்டேன். தெரியாது, சட்டம் என்றான். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்க, அருளப்பு மொழிபெயர்த்தார். "இந்தியாவிலயும் கோயில் வாசலில ஆமி நிக்குமோ எண்டு கேக்கிறான்." எங்கள் ஊரில் செருப்புக்குத்தான் காவல் நிற்பார்கள் என்றேன். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, என் செருப்பையும் கழற்றச் சொல்லி, குடைக்குப் பக்கத்தில் அழகாக வைத்துக்கொண்டான்.

மலைக்கோட்டை ஏறியவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் ஏறினேன். கல் படிகள் பாதியோடு முடிந்து மர ஏணி வந்தது. புறா எச்சமும் பழைய மரமும் சேர்ந்து அடித்த வாடையில், ஒவ்வொரு படியும் முனகியது. என் கைகள் ஏணியை விட மறுத்தன. மேலேயிருந்து அருளப்பு, "ஆறுதலா ஏறுங்கோ, ஆறுதலா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் எனக்கு ஏன் ஆறுதல் சொல்கிறார், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் என்று எரிச்சலோடு ஏறினேன்.

மேலே காற்று. நடுவில் பச்சை படிந்த பெரிய மணி. சுற்றி நான்கு வளைவு ஜன்னல்கள். மூன்றில் ஊர் தெரிந்தது. துருப்பிடித்த தகரக் கூரைகள், சிவப்பு ஓடுகள், காயும் சேலைகள், ஒரு சைவக் கோபுரம், ஒரு பள்ளிவாசல் மினார், தூரத்தில் கோட்டைப் பக்கத்து உயரக் கட்டடங்கள். எல்லாம் வெயிலில் கரைந்து நடுங்கின. கீழேயிருந்து ஹார்ன் சத்தமும் யாரோ பாண் ரொட்டி விற்கும் குரலும், வேறொருத்தர் காணும் கனவிலிருந்து கேட்பது போல மெல்லியதாக வந்தன. இந்த ஊரில் சோதனைச் சாவடிகள் இருப்பதாகவே மேலேயிருந்து தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

நான்காவது ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அந்தப் பக்கம்தான் துறைமுகமும் கடலும். ராணுவம் மூடச் சொன்னதாம், ஆணி அடித்தது அருளப்புதானாம். எத்தனை நல்ல காட்சி போயிற்று என்று நான் அங்கலாய்த்தேன். அந்த உத்தரவால் இந்தக் கொழும்பில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் தான்தான் என்றார் அவர்.

பிறகு மணிக்கயிற்றைப் பிடித்தபடி சொன்னார். மன்னாரில் பிறந்தும் கடலுக்குப் பயந்தவர் அவர். விடியற்காலைக் கரையில் மனைவியையும் மகளையும் படகில் ஏற்றிவிட்டார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். அதற்கு மேல் கால் வரவில்லை. படகோட்டி கத்தினான், படகில் இருந்தவர்கள் கத்தினார்கள். நாளைக்குப் படகில் வருகிறேன் என்றார். ரெஜினா படகிலிருந்து, "கெதியா வாங்கோ" என்றாள். சீக்கிரம் வா என்று அர்த்தம். இவர் அவசரமாக, "ஓமோம்" என்றார். மறுநாள் படகு வந்தது, இவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தரைவழியாக எப்படியோ கொழும்பு வந்து சேர்ந்தார்.

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். இந்திய விசாவும் இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் காலாவதியாகும் விசா. எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நேற்று நான் சொன்னதைக் கேட்டபின் சுத்தமாகக் கால் ஓய்ந்துவிட்டதாம். தான் அவளை அந்தளவுக்கு உடைத்திருந்தால் போய் நிற்கவே தகுதியில்லை என்று இரவெல்லாம் தோன்றியதாம். போகப்போவதில்லை என்று சொல்லத்தான் எனக்காகக் காத்திருந்தாராம்.

"ஆனா ஒண்டு ரீச்சர். உடனே வா, ஆறுதல் சொல்லு எண்டு கேக்கிற ஆள் இல்லை அவ. அவ சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டும் சேர்க்காமல்."

எனக்குச் சுருக்கென்றது. என் வாக்கியத்தை இதுவரை யாரும் திருத்தியதில்லை. "ஆறுதலா வரச்சொல்லுங்கோ. இதான் சொன்னாங்க. நானும் அதைத்தானே சொன்னேன்?"

"திரும்பச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

"அது நீங்கள் நினைக்கிற ஆறுதல் இல்லை. ஆறுதலா எண்டா மெதுவா. அவசரப்படாமல். ஏணியில உங்களுக்குச் சொன்னனானே, அந்த ஆறுதல்."

வெள்ளவத்தையிலிருந்து அந்த ஆமை நகர்ந்து நகர்ந்து வந்து மணிக்கோபுரத்தின் நடுவில் நின்றது. மூன்று முறை ஆறுதலாக நடந்த ஆமை. நான் மூன்று மார்க் கழித்த ஆமை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மார்க் போனால் திரும்பப் போடலாம். என் தமிழ்ப் புலமையால் ஒரு மனிதர் பெண்டாட்டியிடம் போகாமல் இருந்திருப்பாரே என்று நினைத்தபோது, அந்த உயரத்தைவிட அதுதான் என்னைக் கிறுகிறுக்க வைத்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"கரையில வச்சு அவ கடைசியாச் சொன்னது கெதியா வாங்கோ எண்டு. நாலு வருசமா அதுதான் என்ர காதுக்குள்ள. மணி அடிச்சாலும் அதுதான் கேக்கும்." கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இப்ப ஆறுதலா வரச்சொல்லியிருக்கிறா."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அது தெரியும். பிறகு அவர் அந்தப் பலகைகளிடம் போனார். இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடுக்கு இருந்தது. குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். என்ன தெரிகிறது என்று கேட்டேன். பெரிசாத்தான் கிடக்கு என்றார். விமானம் என்றாலும் கடலுக்கு மேலால்தானே போகும் என்று கேட்டார். திருச்சிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, ஜன்னலோர சீட் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு அவர் மணி அடித்தார். முதல் அடியில் காதைப் பொத்தினேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். சத்தம் பாதத்தின் வழியாக ஏறி, பல்லில் நின்றது. புறாக்கள் மூன்று ஜன்னல் வழியாகவும் வெளியேறி, ஒரு வட்டமடித்து, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்தன. எதிரொலி ஓய்ந்ததும் ரெஜினாவிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

"வேற?"

"வேற ஒண்டும் வேண்டாம்."

ஏணியில் அவர் முதலில் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன், ஆறுதலா, ஆறுதலா என்று. கீழே சிப்பாய் என் செருப்பைத் தூசி தட்டித் தந்தான்.

அன்று மாலை யோகம் அக்காவிடம் உறையைத் திருப்பிக் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சாப்பிடும்போது ஒருமுறை, பாத்திரம் கழுவும்போது ஒருமுறை நினைத்து நினைத்துச் சிரித்தார். சொற்பிழை என்று எழுதியதை அடித்து, நடுவரின் பிழை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் காலை இரட்டைப் பின்னல் பெண் முதல் பரிசு வாங்க மேடைக்கு ஓடி வந்தாள். ஆறுதலா வாம்மா என்றேன். என் வாயில் அது ஏதோ வெளிநாட்டுச் சொல் மாதிரி ஒலித்திருக்க வேண்டும், பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கடல் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் இருந்தது. அந்தப் பெரிய நீலத்துக்கு மேல், ஒரே ஒரு சொல்லைச் சிந்தாமல் கொண்டுபோகிறேன் என்ற நினைப்போடு, யாரோடும் பேசாமல் வந்தேன்.

திருச்சியில் வீட்டுக்குப் போகாமல் நேரே முகாமுக்குப் போனேன். ரெஜினா மெஷினில் இருந்தாள். மகள் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கோபுரம், பலகை, விசா, புறா எல்லாம் நாக்கின் நுனியில் துடித்தன. ஒன்றையும் சொல்லவில்லை. நீ சொன்னதைச் சொன்னேன், ஓம் என்றார், அவ்வளவுதான் சொன்னார் என்றேன்.

அவள் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"ஓம் எண்டவரோ, ஓமோம் எண்டவரோ?"

நான் யோசித்தேன். வாழ்க்கையில் எந்தச் சொல்லையும் நான் அத்தனை கவனமாக நினைவுகூர்ந்ததில்லை. கயிறு, காற்று, அடங்கிக்கொண்டிருந்த மணி, அவர் முகம்.

"ஓம். ஒரே ஒரு ஓம்."

ரெஜினா என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். மெஷினில் பாதியில் நின்ற என் ரவிக்கையை எடுத்து, மடித்து, ஓரமாக வைத்தாள். பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நீலச் சட்டைத் துணியை உருவினாள். ஆண்கள் சட்டைக்கான துணி, மடிப்புகளில் வெளுத்திருந்தது. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ.

"அப்ப வருவார்" என்றாள். "உங்கட ரவிக்கை கொஞ்சம் பிந்தும், ரீச்சர்."

ஆறுதலாகத் தை என்றேன்.